கேரட் கிடங்கின் காயிலில் பிடித்த ஐஸ்: உறைபனிக் காலத்து நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீலகிரியில் உதகைக்கும் கேத்திக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கு ஒன்றில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், கேரட் வியாபாரி ஒருவர் தம் சரக்குக்கெனச் சிறிய குளிர்பதனக் கிடங்கு ஒன்றைக் கட்டியிருந்தார். மேட்டுப்பாளையம் மண்டியில் விலை விழும் நாட்களில் சரக்கைச் சில வாரங்கள் பிடித்து வைத்து, விலை தேறியதும் லாரி ஏற்றுவது அவருடைய திட்டம். அறையின் கொள்ளளவு சுமார் 200 கன மீட்டர். உள்ளே விதானத்தை ஒட்டி மூன்று விசிறிகள் கொண்ட ஒரு குளிரூட்டும் காயில். வெளியே கூரையடியில், குளிர்பதன வாயுவை உறிஞ்சி அழுத்தும் கம்ப்ரசரும், அதன் வெப்பத்தை வெளியேற்றித் திரவமாக்கும் கண்டன்சரும். உள்ளோடும் வாயு ஆர்404ஏ. காயிலின் அலுமினியத் தகடுகளுக்கு இடையே 4 மில்லிமீட்டர் இடைவெளி. படியும் பனியை உருக்க (இதையே டிஃப்ராஸ்ட் என்பார்கள்) மின்சார ஹீட்டர்கள். அவற்றை இயக்க ஒரு சுழல் டைமர். சமவெளியில் இதே அளவு அறைக்கு என்ன பொருத்துவார்களோ அதையே, ஒப்பந்தக்காரர் எந்த மாற்றமும் இன்றி இங்கும் பொருத்தியிருந்தார்.

கேரட்டுக்கு உகந்த சேமிப்பு வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸ். காற்றின் ஈரப்பதம் 95 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். ஏறத்தாழ மைனஸ் 1.4 டிகிரியில் கேரட்டே உறையத் தொடங்கிவிடும் என்பதால் கிடங்கில் 1 டிகிரி வைத்திருந்தார்கள். அறை 1 டிகிரியில் இருக்க வேண்டுமானால் காயிலின் பரப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழேதான் இருக்கும். அதன் மீது பனி படிவதும் இயல்பே. எனவே பனி படிந்தது என்பது இந்த ஆய்வின் பொருள் அன்று. அது எவ்வளவு வேகமாகப் படிந்தது, எங்கிருந்து வந்த நீரால் படிந்தது, ஏன் முழுவதுமாக உருகிப் போகவில்லை என்பனவே கேள்விகள்.

சிக்கல் தொடங்கிய விதம்

கோடையில் இயங்கத் தொடங்கிய கிடங்கு மழைக்காலத்தையும் பெரிய குறையின்றிக் கடந்தது. டிசம்பர் பிற்பாதியில், பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று தேங்கி விடியற்காலையில் தோட்டங்களின் மீது உறைபனி வெளுக்கத் தொடங்கிய வாரத்தில், அறையின் வெப்பநிலை இரவில் 1 டிகிரியிலிருந்து 4, 5 டிகிரிக்கு ஏறியது. கதவைத் திறந்து பார்த்தவர்கள் காயிலின் முகப்பு முழுவதும் ஐஸ் கட்டி, விசிறிகள் சுற்றியும் காற்று வராமல் இருப்பதைக் கண்டார்கள்.

உள்ளூர்த் தொழில்நுட்பர் ஒருவர் வந்து, நாளுக்கு 4 முறை நடந்துகொண்டிருந்த டிஃப்ராஸ்ட்டை 8 முறையாக்கினார். இரண்டு நாள் தேறியது போலிருந்து, பிறகு முன்னைவிட மோசமாயிற்று. தொழிலாளர்கள் ஸ்க்ரூடிரைவரால் ஐஸைக் கொத்தி எடுத்ததில் தகடுகள் பல இடங்களில் மடங்கிக் காற்றின் வழியை மேலும் அடைத்தன. குழாய் ஓட்டையாகாமல் போனது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். இதற்கிடையே மேலடுக்குப் பெட்டிகளில் இருந்த கேரட் வாடிச் சுருங்கத் தொடங்கியது. அதைத் தடுக்க மேற்பார்வையாளர் தினமும் மாலையில் பெட்டிகளின் மீது தண்ணீர் தெளிக்கச் சொன்னார். ஏற்றுகிறவர்கள் கதவைத் திறந்து போட்டுவிடுவதால்தான் ஐஸ் பிடிக்கிறது என்பது அவருடைய உறுதியான கருத்து. அதன் பேரில் இரண்டு தொழிலாளர்களுக்குக் கூலியும் பிடிக்கப்பட்டிருந்தது. இந்த நிலையில் ஜனவரி முதல் வாரத்தில் எங்களை அழைத்தார்கள்.

கவனித்தவை

முதலில் எதையும் மாற்றாமல் ஒரு முழு நாள் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

காயிலில் ஐஸ் ஒரே சீராகப் படிந்திருக்கவில்லை. வாயு நுழையும் பக்கத்துச் சுற்றுகளில் அது கனமாகவும் மற்றப் பாதியில் மெல்லிய பூச்சாகவும் இருந்தது. மேல்வரிசைகளில் விரலால் தொட்டால் உதிரும் பஞ்சு போன்ற வெண்படிவு; கீழ்வரிசைகளிலும் நீர் சேரும் தட்டிலும் கண்ணாடி போல இறுகிய ஐஸ். டிஃப்ராஸ்ட் நடந்தபோது டார்ச் வெளிச்சத்தில் அருகிலிருந்து பார்த்தோம். 20 நிமிடத்தில் மேல்வரிசைகள் சுத்தமாகின. கீழே தகடுகளின் இடுக்கில் உருகிய நீர் வடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும்போதே டைமர் ஹீட்டரை நிறுத்தியது. அடுத்த நொடியில் மூன்று விசிறிகளும் சுற்றத் தொடங்கின. தொங்கிய நீரில் ஒரு பகுதி தூவானமாக விதானத்திலும் எதிரே இருந்த பெட்டிகளிலும் தெறித்தது. மீதி அங்கேயே உறைந்தது. ஒவ்வொரு டிஃப்ராஸ்ட்டும் உதிரும் பனியை இறுகிய ஐஸாக மாற்றிக்கொண்டிருந்தது என்பதும், எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியது ஏன் நிலைமையைக் கெடுத்தது என்பதும் அப்போதே விளங்கின. போதாக்குறைக்கு, மின்வெட்டு வரும்போதெல்லாம் சுழல் டைமரும் நின்றுவிடும் வகையினது. அதன் கடிகாரம் பல மணி நேரம் பின்தங்கி, காலை ஏற்றத்தின் நடுவே டிஃப்ராஸ்ட் வந்துகொண்டிருந்தது.

இரவில் வேறொன்றும் தெரிந்தது. பகலில் மைனஸ் 8 டிகிரியை ஒட்டி இருந்த காயிலின் வெப்பநிலை, வெளியே குளிர் 3 டிகிரிக்கு இறங்கிய பின் மைனஸ் 14 வரை சரிந்தது. இரவுக் காவலரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, உறைபனி விழுந்தால் மெஷின் கெட்டுவிடும் என்று அஞ்சிச் சில இரவுகளில் கண்டன்சர் மீது சாக்கு போட்டு மூடுவதாகச் சொன்னார். "சாக்கு போட்ட அன்னைக்கு மட்டும் காலையில ஐஸ் கம்மியா இருக்குதுங்க சார்" என்றும் சேர்த்துச் சொன்னார். கிடங்கில் வேறு யாரும் இதைப் பொருட்படுத்தியிருக்கவில்லை. எங்களுக்கு அன்று கிடைத்த தடயங்களில் இதுவே முதன்மையானது.

கண்டன்சர் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் அதன் அழுத்தம் விழுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வு திரவத்தைக் காயிலுக்குள் தள்ளுவது இருபுறத்து அழுத்த வேறுபாட்டை நம்பித்தான். வேறுபாடு குறைந்தால் காயிலுக்குப் போதிய திரவம் போகாது. கம்ப்ரசரோ எப்போதும் போல் உறிஞ்சிக்கொண்டிருக்கும். அதனால் காயிலுக்குள் அழுத்தமும் வெப்பநிலையும் சரிந்து, திரவம் சென்றடையும் முன்பாதி மட்டும் கடுங்குளிராகி, அறையின் ஈரத்தையெல்லாம் தன் மீது இழுத்துக்கொள்ளும். மலையின் குளிர் இயந்திரத்துக்கு உதவியாக இருக்கும் என்று பொதுவாக நினைக்கிறோம். இந்த அமைப்பில் அது நேர்மாறாக வேலை செய்தது. காவலரின் சாக்கு, தெரியாமலே, கண்டன்சரின் அழுத்தத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறது.

நீரின் கணக்கு

கதவைப் பற்றிய குற்றச்சாட்டை அளந்து பார்க்காமல் ஏற்பதும் சரியில்லை, தள்ளுவதும் சரியில்லை. ஆகவே வடிகுழாயின் வெளிமுனையில் கேன் வைத்து, ஒரு நாள் முழுவதும் வடிந்த நீரைக் கேரட் நிறுக்கும் தராசிலேயே நிறுத்தோம். 30 கிலோவுக்கும் மேல் வந்தது. காயிலில் உருகாமல் தங்கிய ஐஸ் இதில் சேராது.

ஜனவரியில் காலை ஏற்ற நேரத்தில் வெளிக்காற்று 15 டிகிரி, ஈரப்பதம் 55 விழுக்காடு. அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 7 கிராம் நீராவி இருக்கும். அறைக்குள் 1 டிகிரியில் 90 விழுக்காடு என்று கொண்டால் 4.7 கிராம். வேறுபாடு 2 கிராமுக்குச் சற்று அதிகம். 200 கன மீட்டர் அறையின் காற்று முழுவதும் ஒரு முறை மாறினாலும் அரைக் கிலோ நீர்தான் உள்ளே வரும். 30 கிலோ வர வேண்டுமானால் நாளொன்றுக்கு 60 முறை அறைக்காற்று மாற வேண்டும். கதவு அப்படித் திறந்து கிடக்கவில்லை. இரவில் வெளிக்காற்றில் இருந்த நீராவி அறைக்குள் இருந்ததைவிடப் பெரிதாக அதிகமில்லை.

அப்படியானால் நீர் சரக்கோடுதான் வந்திருக்க வேண்டும். கழுவும் இயந்திரத்திலிருந்து இறங்கிய கேரட் பெட்டிகள் சொட்டச் சொட்ட நேராக அறைக்குள் போய்க்கொண்டிருந்தன. 25 கிலோ பெட்டி ஒன்றை இறங்கியவுடன் எடைபோட்டு, இரண்டு மணி நேரம் சாய்த்து வைத்து மறுபடி எடைபோட்டால் 400 கிராம் குறைந்திருந்தது. நாள் வரத்து 140 பெட்டி. அதாவது 50 கிலோவுக்கு மேற்பட்ட நீர் அறைக்குள் ஏற்றப்படுகிறது. அதில் ஒரு பகுதி தரையில் வடிந்து தேங்கும், தேங்கியது மெல்ல ஆவியாகும். மாலைத் தெளிப்பும், தரையை ஹோஸ் போட்டுக் கழுவியதும் இதற்கு மேல்.

இங்கேதான் இரண்டு புகார்களும் ஒன்றாயின. அறைக்கும் காயிலுக்கும் இடையே 15 டிகிரி வேறுபாடு இருக்கும்போது காயில் அறையை உலர்த்திவிடும், கேரட் வாடும். எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு நீர் போனால் கேரட் விலைபோகாது. வாடுவதைப் பார்த்துத் தெளித்த தண்ணீர் ஆவியாகிக் காயிலில் ஐஸாகும். ஐஸ் காற்றை அடைக்கும். 4 மில்லிமீட்டர் இடுக்கில் இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே பாதி வழி போய்விடுகிறது. காற்று குறையக் குறையக் காயில் இன்னும் குளிரும், அறை இன்னும் உலரும், இன்னும் தெளிப்பார்கள். ஐஸ் பிடிப்பதும் கேரட் வாடுவதும் இரண்டு நோய்கள் அல்ல. கேரட்டில் இருக்க வேண்டிய நீர் தகட்டில் இருந்தது.

உயரம் செய்த வேலை

உயரத்தின் பங்கு இரண்டு இடங்களில் தெரிந்தது. 2,100 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 78 விழுக்காடுதான். விசிறி அதே கன அளவுக் காற்றைத் தள்ளினாலும் அதன் எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. எனவே அதே குளிரைக் கடத்தக் காயில் மேலும் இறங்கிப்போக வேண்டியிருக்கிறது. இரண்டாவது, வாயுவின் அழுத்தத்தை அளக்கும் கேஜ் பற்றியது. முள் கேஜ் தான் இருக்கும் இடத்துக் காற்றழுத்தத்தைப் பூஜ்ஜியமாகக் கொண்டு காட்டுவது. இந்த உயரத்தில் அது, அழுத்தத்திலிருந்து வெப்பநிலையை அறிய உதவும் கடல்மட்டத்து அட்டவணையைவிட 3 பிஎஸ்ஐக்குச் (அழுத்த அலகு) சற்று மேல் கூடுதலாகக் காட்டும். அந்த எண்ணை அப்படியே அட்டவணையில் வைத்துப் பார்த்தால் காயில் உண்மையில் இருப்பதைவிட ஒன்றரை டிகிரி வெதுவெதுப்பாக இருப்பதாகத் தோன்றும். சூப்பர்ஹீட்டை, அதாவது காயிலை விட்டு வெளிவரும் வாயு அதன் கொதிநிலையைவிட எத்தனை டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பதை, இந்தக் கணக்கில் அமைத்திருந்ததால் வால்வு தேவைக்கு மேல் மூடியே இருந்தது. ஏற்கெனவே பட்டினி கிடந்த காயிலுக்கு இது இன்னொரு பட்டினி. மலையில் வேலை செய்யும் தொழில்நுட்பர்களில் பலர் இதைக் கணக்கில் கொள்வதில்லை என்பது எங்கள் அனுபவம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஐஸ் முழுவதும் போகாமல் எந்த அளவீட்டையும் நம்ப முடியாது. ஆகவே உரிமையாளரிடம் பேசி, இருந்த சரக்கை மண்டிக்கு அனுப்பச் சொல்லி அறையை நிறுத்தினோம். விலை சுமாராக இருந்த வாரம் அது. அவருக்கு அதில் மனத்தாங்கல் இருந்தது. ஹீட்டரோடு வெதுவெதுப்பான நீரையும் மெதுவாக ஊற்றி ஐஸை உருக்கினோம், எதையும் கொத்தவில்லை. வடிகுழாயைத் திறந்து, மடங்கிய தகடுகளை அதற்குரிய சீப்பால் நிமிர்த்தினோம்.

அடுத்ததாகத் தொட்டது டிஃப்ராஸ்ட்டை அன்று, கண்டன்சரை. காயில் இரவில் மைனஸ் 14க்குப் போய்க்கொண்டிருக்கும்வரை டிஃப்ராஸ்ட்டை எப்படி மாற்றினாலும் அது பின்னால் ஓடுவதாகவே இருக்கும். கண்டன்சரின் இரண்டு விசிறிகளையும் தனித்தனி அழுத்த சுவிட்சுகளின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து, அழுத்தம் விழும்போது முதலில் ஒன்றும் பிறகு மற்றதும் நிற்கும்படி அமைத்தோம். கண்டன்சரில் திரவத்தைத் தேக்கி அழுத்தத்தைக் காக்கும் வால்வு இதைவிடச் சீராக வேலை செய்யும். ஆனால் அதற்குக் கூடுதல் வாயுவும், திரவத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய ரிசீவரும் தேவை, செலவும் பல மடங்கு. சாக்கையே நிரந்தரமாக்கலாமே என்று உரிமையாளர் கேட்டார். ஒரு நாள் காலையில் எடுக்க மறந்தால் நண்பகல் வெயிலில் அழுத்தம் ஏறிக் கம்ப்ரசர் நின்றுவிடும் என்பதால் அதைத் தவிர்த்தோம். அதன் பின் உயரத் திருத்தத்தோடு சூப்பர்ஹீட்டை மறுபடி அமைத்தோம்.

டிஃப்ராஸ்ட்டில் மூன்று மாற்றங்கள். ஹீட்டரை நிறுத்துவது இனிக் கடிகாரம் அன்று, காயிலின் வெப்பநிலை. அதற்கான உணரியைக் கடைசியாக உருகும் இடத்தில், அதாவது கீழ்வரிசையில் வாயு நுழையும் பக்கத்தில் பொருத்தினோம். வசதியான இடம் என்று மேலே வைத்திருந்தால் பழைய கதையே தொடர்ந்திருக்கும். அங்கே 10 டிகிரி வந்தால் ஹீட்டர் நிற்கும். நீர் வடியச் சில நிமிடம் விட்டு, கம்ப்ரசர் ஓடிக் காயில் மறுபடி குளிர்ந்த பிறகே விசிறிகள் சுற்றும். இந்தத் தாமதத்தால் எஞ்சிய துளிகள் பறக்காமல் தகட்டிலேயே உறைகின்றன. அவை மிகச் சிலவே என்பதால் பாதகமில்லை. எண்ணிக்கையை 8லிருந்து 3ஆகக் குறைத்து, ஏற்றம் இல்லாத நேரங்களில், பேட்டரி உள்ள டைமரில் வைத்தோம். எண்ணிக்கையைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு கிலோ ஐஸை உருக்க 334 கிலோஜூல் போதும். ஆனால் ஹீட்டர் தரும் வெப்பத்தில் பெரும்பகுதி உலோகத்தையும் அறைக்காற்றையும் சூடாக்குவதிலேயே போகிறது. ஒவ்வொரு முறையும் அந்தக் கூலியைக் கொடுத்தாக வேண்டும். அரைகுறையாக எட்டு முறை கொடுப்பதைவிட முழுமையாக மூன்று முறை கொடுப்பது மலிவு.

மிகவும் கடினமாக இருந்தது ஈரத்தைக் குறைக்கும் முடிவுதான். கழுவிய பெட்டிகளைக் கூரையடியில் சட்டத்தின் மீது அடுக்கி, விசிறிக் காற்றில் இரண்டு மணி நேரம் வடிய விட்ட பின்னரே உள்ளே ஏற்ற வேண்டும் என்றோம். தெளிப்பையும் ஹோஸையும் நிறுத்தச் சொன்னோம். ஈரத்தோடு வைத்தால்தான் சீக்கிரம் குளிரும், வாடவும் வாடாது என்று மேற்பார்வையாளர் வாதிட்டார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆவியாகும் நீர் கேரட்டைக் குளிர்விக்கத்தான் செய்யும். ஆனால் அந்த ஆவி முழுவதும் காயிலில் உறையும். வாடாமல் காக்கப் பெட்டிக்குள் துளையிட்ட பாலித்தீன் விரிப்பு போதும் என்பதைக் காட்ட, விரிப்போடு சில பெட்டிகளும் தெளிப்போடு சில பெட்டிகளும் அருகருகே வைத்து எடைபோட்டோம். ஒரு வாரத்தில் விரிப்புப் பெட்டிகள் குறைவாகவே எடை இழந்திருந்தன. மேற்பார்வையாளர் அதைத் தம் கையாலேயே எடைபோட்டதால் பேச்சு அங்கே முடிந்தது. கூலி பிடித்த விஷயத்தையும் உரிமையாளரிடம் எடுத்துச் சொன்னோம். அது திருப்பித் தரப்பட்டது.

பின்விளைவுகள்

ஜனவரி கடைசியில் உறைபனி கடுமையாக இருந்த இரவுகளிலும் காயில் மைனஸ் 7 டிகிரியை விட்டு அதிகம் இறங்கவில்லை. பிப்ரவரியில் வடிநீர் நாளொன்றுக்கு 12 கிலோ அளவுக்கு வந்தது. டிஃப்ராஸ்ட் பெரும்பாலும் 20 நிமிடத்துக்குள் தானே முடிந்தது. சரக்கு அதிகம் வந்த நாட்களில் 30 நிமிடம் வரை சென்றது. விதானத்தில் ஐஸ் தொங்குவது நின்றது.

ஜூலையில் சிக்கல் வேறு முகத்தோடு வந்தது. தென்மேற்குப் பருவத்தில் மூடுபனி கதவு வாசல் வரை நிற்கும் நாட்களில் 15 டிகிரி வெளிக்காற்றில் கன மீட்டருக்கு 12.8 கிராம் நீராவி இருக்கும். அறையோடு வேறுபாடு 8 கிராம். ஜனவரியில் குற்றமற்றதாயிருந்த கதவு இப்போது உண்மையிலேயே குற்றவாளி. கதவில் பிவிசி பட்டைத் திரை தொங்கவிட்டு, ஏற்றத்தைப் பகலில் இரண்டு வேளைக்குள் அடக்கியதில் அது கட்டுக்குள் வந்தது. ஆனால் அதே மாதத்தில் வடிகுழாய் ஒரு முறை அறைக்குள்ளேயே உறைந்து, தட்டு நிரம்பி, உருகிய நீர் மீண்டும் காயிலின் அடியில் ஐஸாயிற்று. அறைக்குள் கிடந்த குழாயின் சரிவு போதாது. அதில் ஹீட்டர் இழையும் இல்லை. இரண்டையும் சரிசெய்த பின் அந்தக் குறை திரும்பவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

அறைக்கும் காயிலுக்கும் இடையே 8 டிகிரி வேறுபாடு இன்றும் இருக்கிறது. கேரட்டுக்கு அது 5 டிகிரிக்குள் இருப்பதே நல்லது. அப்போது விரிப்பில்லாமலேயே அறை ஈரமாக இருக்கும், பனியும் மெல்லப் படியும். அதற்கு இன்னொரு காயில் வேண்டும். உரிமையாளர் செலவைக் கருதி அதைத் தள்ளிவைத்திருக்கிறார்; அவருடைய வியாபார அளவுக்கு அது நியாயமான முடிவே.

புதிதாகக் கட்டுகிறவர்கள் தொடக்கத்திலேயே பெரிய பரப்பும் 6 மில்லிமீட்டர் தகடு இடைவெளியும் உள்ள காயிலைக் கேட்டு வாங்கலாம். கிடங்கு அமையும் உயரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி, அதற்கேற்ற திருத்தத்தோடு விசிறியையும் காயிலையும் தேர்ந்திருக்கிறார்களா என்று பார்க்கலாம். கண்டன்சரின் குளிர்கால அழுத்தக் கட்டுப்பாடு சமவெளியில் தேவைப்படாத பொருள் என்பதால் விலைப்பட்டியலில் அது தானாக வராது. கழுவும் இயந்திரத்துக்கும் கிடங்கின் கதவுக்கும் நடுவே பெட்டிகள் வடிய ஒரு கூரையிட்ட இடம், கட்டட வரைபடத்திலேயே இருக்க வேண்டும். பின்னர் அதைச் சேர்க்க இந்தக் கிடங்கில் லாரி திரும்பும் இடத்தைக் குறுக்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் வடிநீரை வாரம் ஒரு முறை எடைபோட்டு எழுதும் பழக்கம் இங்கே இப்போது நிலைத்திருக்கிறது. அந்த எண் 15 கிலோவைத் தாண்டினால் எங்களுக்குத் தொலைபேசி வருகிறது.